ஒரு மணி நேரத்துக்கு ஒரு படம்

2023 டிசம்பர் 17 ராத்திரி ஸ்ரீவைகுண்டத்திலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "மாடிக்கு ஏறிட்டோம், கீழ முழங்கால் தண்ணி, சார்ஜ் கொஞ்சந்தான் கெடக்கு, காலைல பேசுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். காலையில் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மதுரை முனிச்சாலையில் எங்கள் வீட்டில் அம்மா டிவியை விட்டு நகரவே இல்லை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் 800 பேர் அளவுக்குப் பயணிகளோடு நின்றுபோன செய்தி திரும்பத் திரும்ப ஓடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்றார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதைவிட அது அதிகம். நான்காம் நாள் சித்தப்பா யாருடைய போனிலிருந்தோ பேசினார். எல்லோரும் நலம், அரிசி மூட்டைதான் போச்சு என்றார். அம்மா அன்றைக்குத்தான் சாப்பிட்டாள்.

அந்த மழையைத்தான் ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக நான் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். ஒரு வானிலை ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். குழுவில் மற்றவர்கள் சூப்பர் கம்ப்யூட்டரில் மழையைப் பெய்ய வைப்பவர்கள். காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றுக்கும் உள்ள சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகத் தீர்த்து, நடந்து முடிந்த ஒரு நாளை மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். அப்படிப் பெய்த மழையை மனிதக் கண் பார்க்கிற மாதிரி ஆக்குவது என் பங்கு. எண்கள் வரும், படம் போகும். மீட்டிங் எல்லாம் போனில்தான், வேலை மதுரையில் இருந்தபடிதான். மாடி அறையில் ஒரு லேப்டாப், ஒரு பெரிய மானிட்டர், ஒரு ஃபைபர் கனெக்‌ஷன். சூப்பர் கம்ப்யூட்டர் இருப்பது வேறு ஊரில். இந்த நான்கு வருஷத்தில் அதை நான் நேரில் பார்த்ததில்லை.

சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் பத்திரிகைகள் வேகத்தைத்தான் எழுதும். திருச்சி என்.ஐ.டி.க்கு 2022-இல் 'பரம் பொருள்' வந்தபோது 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு, என்று போட்டார்கள். 2024-இல் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தில் 'அர்கா' வந்தபோது 11.77 பெட்டாஃப்ளாப்ஸ். ஆயிரம் டெரா ஒரு பெட்டா. என் கண் மட்டும் அடுத்த வரியில் வரும் சேமிப்பு அளவைத் தேடும். அர்காவுக்கு 33 பெட்டாபைட். கணக்குப் போடுகிற வேகம் ஏறுகிற அளவுக்கு, கணக்குப் போட்டதை எழுதி வைக்கிற வேகம் ஏறுவதில்லை. என் தொழிலில் வருகிற தொல்லையில் பாதி இந்த ஒரு இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

எங்கள் மழைக்கு வருகிறேன். பயன்படுத்தியது டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாதிரி (மாடல்) நிரல். அமெரிக்காவின் என்கார் ஆய்வு மையத்தை மையமாகக் கொண்டு வளர்ந்தது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆரம்ப நிலைக்கு ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தரவு. பெட்டிக்குள் பெட்டி மாதிரி மூன்று கட்டமைப்பு: வெளியே 9 கி.மீ. கட்டம், அதற்குள் 3 கி.மீ., அதற்கும் உள்ளே 1 கி.மீ. உள்பெட்டியில் மேற்கே தொடர்ச்சி மலை, கிழக்கே மன்னார் வளைகுடா, நடுவில் தாமிரபரணி. 400-க்கு 400 கட்டம், உயரத்தில் 50 அடுக்கு. பெருக்கினால் 80 லட்சம் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் வெப்பம் ஒரு எண், ஈரம் ஒரு எண், மூன்று திசைக் காற்றுக்கு மூன்று எண், மழைத்துளி, பனித்துகள் என்று இருபது எண்கள் இருக்கும். ஒரு எண்ணுக்கு நாலு பைட். ஆக, ஒரு கணத்தை எழுதி வைக்க மேற்பரப்புக் கணக்கையும் சேர்த்து 700 எம்.பி.

ஆனால் மாதிரி ஒரு கணத்தில் நிற்காதே. 1 கி.மீ. கட்டத்துக்கு ஐந்து ஐந்து செகண்டாகத்தான் நகர முடியும், அதற்கு மேல் தாண்டினால் கணக்கு வெடித்துவிடும். இரண்டு நாள் மழைக்கு இப்படி 34,560 அடி எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதினால் 24 டெராபைட், அதுவும் ஒரே ஒரு ஓட்டத்துக்கு. அதனால் யாரும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. மணிக்கு ஒரு தடவை எழுது என்று சொல்லிவிடுவார்கள். அதுதான் வழக்கம், நாங்களும் அப்படித்தான் செய்தோம். 720 அடி நடந்தால் ஓர் அடிக்குப் படம். மிச்சம் 719 அடி கணக்கிடப்பட்டு, அடுத்த அடிக்கு உதவி, மறைந்துவிடும்.

மணிக்கு ஒன்று என்றால் மொத்தம் 34 ஜி.பி. முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்கே இறங்கிவிட்டது. பாராவியூ என்ற படம் வரையும் மென்பொருளில் திறந்தேன். ரேடார் பிரதிபலிப்பு (மழையில் பட்டு ரேடாருக்குத் திரும்பும் அலையின் பலம்) எங்கெல்லாம் 40 டி.பி.இசட்.டைத் தாண்டுகிறதோ, அதாவது எங்கெல்லாம் கனமழையோ, அந்த எல்லையை ஒரு மேற்பரப்பாக இழுத்தேன். லாரன்சனும் க்ளைனும் 1987-இல் சொன்ன 'மார்ச்சிங் க்யூப்ஸ்' வழிமுறைதான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு பெட்டியின் எட்டு மூலையையும் பார்த்து, எந்த மூலை உள்ளே, எந்த மூலை வெளியே என்று தீர்மானித்து, நடுவில் முக்கோணங்களை வைத்துக்கொண்டே போகும். முக்கோணமெல்லாம் சேர்ந்தால் மேகத்துக்கு உடம்பு வந்துவிடும்.

ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். 400 கி.மீ. அகலம், மேகம் ஏறுவது 15 கி.மீ. உள்ளபடியே வரைந்தால் மேசையில் விரித்த ஜமுக்காளம் மாதிரி தட்டையாகக் கிடக்கும். உயரத்தைப் பத்து மடங்கு இழுத்தால்தான் கோபுரம் கோபுரமாகத் தெரியும். இழுத்திருக்கிறேன் என்று படத்தின் மூலையில் எழுதாமல் நான் எதையும் வெளியே அனுப்புவதில்லை.

சரி, 48 படத்தையும் வரிசையாக ஓட்டினேன். 17-ஆம் தேதி மத்தியானத்திலிருந்து கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய மழைத்தொகுதி. ராத்திரி முழுக்க அசையவே இல்லை. விளிம்பு கொஞ்சம் நெளிகிறது, நடுப்பகுதி ஆணி அடித்தது போல நிற்கிறது. "அசையாத மழைத்தொகுதி" என்று குறிப்பெழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். குமரிக்கடல் பக்கம் இருந்த சுழற்சி நகராமல் நின்றது எல்லோருக்கும் தெரியும். அதனால் மழையும் நின்றது என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை.

அந்தப் படத்தை முதலில் கேள்வி கேட்டது அப்பா.

அப்பா தையற்காரர். புதுமண்டபத்தில் நாற்பது வருஷம் மிஷின் போட்டிருந்தார். கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அங்கே போகிறார். சித்திரைத் திருவிழாவுக்கு அழகருக்கு வேண்டிக்கொண்டவர்கள் போடுகிற வெல்வெட் உடுப்பு, குல்லா, சல்லடம் எல்லாம் அவர் கையில் வளர்ந்தவை. ஒருநாள் ராத்திரி பருத்திப்பால் வாங்கி வந்தவர், என் பின்னால் நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த மஞ்ச வளையம் என்னத்தா? அங்கிட்டோட மழை முடிஞ்சிருதா?"

முடியவில்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மழை அளவு சீராகக் கூடிக்கொண்டு போகிறது. நான் போட்டிருந்தது வானவில் வண்ண வரிசை: நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. நடுவில் மஞ்சள் ஒரு மெல்லிய பட்டையாக விழுந்து, இல்லாத எல்லையை உண்டாக்கிவிட்டது.

"மஞ்சப் பட்டி வச்சுத் தச்சா துணி அங்கன முடியுதுன்னுதான் கண்ணு நெனைக்கும். அதுக்குத்தான் பட்டி வைக்கிறதே" என்றார் அப்பா.

வானவில் வரிசை ஆபத்தானது என்று போர்லாண்டும் டெய்லரும் 2007-இல் எழுதிய கட்டுரையைப் படித்திருக்கிறேன். பைத்தான் நிரல்மொழியில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பில், தானாக வரும் வரிசையாக இருந்த அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் 'விரிடிஸ்' என்ற வரிசையை வைத்ததும் தெரியும். கரு ஊதாவில் தொடங்கி, நீலம், பச்சை வழியாக, மஞ்சளில் முடியும். முதலிலிருந்து கடைசிவரை வெளிச்சம் ஒரே சீராக ஏறும், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் வரிசை குலையாது. வானவில்லில் இரண்டு நுனியும் இருட்டு, நடு மட்டும் பளிச். இத்தனையும் தெரிந்திருந்தும் வானவில்லைப் போட்டதற்குக் காரணம், வானிலைக்காரர்களின் கண் ரேடார் வண்ணத்துக்குப் பழகியிருக்கிறது, மாற்றினால் அவர்களுக்குப் பிடிக்காது. அன்றைக்கே மாற்றினேன். குழுவில் மூத்தவர் ஒருவர் இன்றுவரை ரேடார் வண்ணத்திலும் ஒரு பிரதி கேட்கிறார். அனுப்புகிறேன். ஆனால் முதலில் வைப்பது சீரான வண்ணத்தைத்தான்.

இரண்டாவது கேள்வி ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தது. புது வண்ணத்தில் செய்த படத்தை வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மழையை அண்ணாந்து பார்த்தே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பதில் குரல்பதிவாக வந்தது.

"எம்மா, படம்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படி ஒரேயடியா நிக்கலை பாத்துக்க. அடிச்சு ஊத்தும், தணியும். சரி முடிஞ்சிட்டுன்னு சித்தி வெளக்கெடுத்துட்டு எட்டிப் பாப்பா. அதுக்குள்ள கடல் பக்கத்துலருந்து இன்னொண்ணு வந்துரும். ராத்திரி பூரா அப்படித்தான். நான் எண்ணிட்டே இருந்தேன், பதினஞ்சுக்கு மேல எண்ண முடியல."

இந்தப் பதிவை ஐந்தாறு தடவை கேட்டேன். ஒரே இடத்தில் நின்ற மழை என்றால் அதற்குத் தணிவு இருக்கக்கூடாது. அவர் சொல்வது ஒன்று மாற்றி ஒன்றாக வந்த மழைத்திரள்கள். என் படத்தில் ஒரே ஒரு தொகுதி.

மறு ஓட்டத்துக்கு நேரம் கேட்டு வாங்கினோம். இந்தத் தடவை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதச் சொன்னேன். 34 ஜி.பி. 200 ஜி.பி. ஆனது. ஓட்டிப் பார்த்தால், தொகுதி உடைந்திருந்தது. உள்ளே சின்னச் சின்னத் திரள்கள் இருந்தன, ஆனால் அவை போகிற திசை பிடிபடவில்லை. ஒரு படத்தில் ஒரு திரள் இருக்கிற இடம் அடுத்த படத்தில் வெறுமையாக இருக்கும், அதற்கு அடுத்த படத்தில் மறுபடி நிரம்பும். கரைக்கு வருகிறதா, கடலுக்குப் போகிறதா என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியவில்லை. ட்யூப்லைட் கெடப் போகும்போது மினுக்குமே, அந்த மாதிரி.

அப்புறம் ஐந்து நிமிடம். இந்தத் தடவை எல்லா எண்களையும் கேட்கவில்லை, பிரதிபலிப்பு மட்டும் போதும் என்றேன். 576 படம், படத்துக்கு 32 எம்.பி., மொத்தம் 18 ஜி.பி.தான். முழுசாக எழுதிய மணிக்கணக்குப் படத்தைவிடவும் குறைவு.

ஓட்டினேன். கடலிலிருந்து திரள்கள் வந்துகொண்டிருந்தன. மன்னார் வளைகுடாவில், கரைக்குக் கிழக்கே, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் ஒவ்வொன்றும் முளைக்கிறது. பத்து கி.மீ.க்கும் குறைவான அகலம். முளைத்ததும் காற்றோடு மேற்கே கிளம்புகிறது. கரையைத் தொடும்போது நன்றாகப் பருத்து, காயல்பட்டினம், ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று அதே பாதையில் கொட்டிக்கொண்டே உள்ளே போய் மலையடிவாரத்தில் கரைகிறது. அதற்குள் பின்னால் அடுத்தது வந்திருக்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று. எதிர்சேவைக்கு அழகர் வரும்போது மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று வருவாரே, அப்படி இவை எங்கேயும் நிற்கவில்லை. வந்த வழியே வந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

ரூலர் வைத்து அளந்தேன். திரள்கள் நகரும் வேகம் செகண்டுக்குப் பத்து மீட்டர் அளவில், அதாவது மணிக்கு 36 கி.மீ. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 12 கி.மீ. இருபது நிமிடத்துக்கு ஒரு திரள். இந்த மூன்று எண்ணையும் பேப்பரில் எழுதியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மணிக்கு ஒரு படம் எடுத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு திரளும் 36 கி.மீ. நகர்ந்து, மூன்று இடம் தள்ளி இருந்த திரளின் இடத்தில் போய்ச் சரியாக உட்காரும். படத்துக்குப் படம் ஆள் வேறு, இடம் அதே இடம். பார்க்கிறவருக்கு அசையாத தொகுதி. பழைய சினிமாவில் குதிரை வண்டி ஓடும்போது சக்கரம் நின்றது போலத் தெரியுமே, அதே விஷயம். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 6 கி.மீ., இடைவெளியில் சரிபாதி. அதனால்தான் திசை தெரியாமல் மினுக்கியது. ஒரு அலையைப் பிடிக்க வேண்டுமானால் அதன் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவைக்கு மேல் பார்க்க வேண்டும் என்று நைக்விஸ்ட் விதியைக் கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அது என் சித்தி வீட்டு மாடிக்கு மேலே நடக்கும் என்று நினைத்ததில்லை.

திரள்களின் இடைவெளி அளவெடுத்து வைத்தது போல இருக்காது, ஒன்று பத்து கி.மீ.யில் வரும், இன்னொன்று பதினைந்தில் வரும். அதனால்தான் மணிக்கணக்குப் படத்தில் விளிம்பு நெளிந்தது. அந்த நெளிவை நான் முதலிலேயே கவனித்திருக்கிறேன். கவனித்தும் கடந்து போனேன்.

இதில் எனக்கு உறைப்பது ஒன்று. மாதிரி முதல் ஓட்டத்திலேயே சரியாகச் செய்திருந்தது. கடலில் திரள் முளைத்ததும் கரைக்கு வந்ததும் எல்லாம் அந்த 34,560 அடிகளுக்குள் நடந்தது. 'அசையாத தொகுதி' என்ற தவறு சமன்பாட்டில் இல்லை, சூப்பர் கம்ப்யூட்டரில் இல்லை, நாங்கள் எப்போது எட்டிப் பார்த்தோம் என்பதில் இருந்தது. நின்றுபோன மழைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் மழைக்கும் முன்னறிவிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. திரள் முளைக்கும் அந்த இடத்தை ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்தது வருவதற்கு இத்தனை நிமிடம் என்று ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்ல வழி பிறக்கும்.

ஒரு ஓட்டத்தில் தெரிந்ததை வைத்து இவ்வளவு பேசக்கூடாது என்று குழு சொன்னது, நியாயம். மழைத்துளி உருவாகும் விதத்தையும் தொடங்கும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பத்து ஓட்டம் ஓட்டினோம். காற்று, ஈரம் எல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, பிரதிபலிப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. 2 டெராபைட்டுக்கு மேல் போனது. என் 100 எம்.பி.பி.எஸ். கனெக்‌ஷனில் இடைவிடாமல் இறக்கினாலும் இரண்டு நாள் ஆகும், இறக்கினால் வைக்க இடமும் இல்லை, திறக்க மெமரியும் இல்லை. உலகத்துக் கணக்கில் இது சின்ன அளவு. 2012-இல் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தின் கணினியில் ஒரு லட்சம் கோடி துகள்களை 1,20,000 கோர்களில் (கணக்குப் போடும் அலகுகளில்) ஓட்டினார்கள், அதில் ஒரே ஒரு கணத்துக்கு 30 டெராபைட்டுக்கு மேல். ஆனால் சின்ன அளவானாலும் பெரிய அளவானாலும் வழி ஒன்றுதான். தரவு இருக்கிற இடத்துக்குக் கணக்கை அனுப்ப வேண்டும், தரவை நம் இடத்துக்கு இழுக்கக்கூடாது.

பாராவியூவில் இதற்கு ஏற்பாடு உண்டு. சர்வர் பகுதி அங்கே, சூப்பர் கம்ப்யூட்டரின் நோடுகளில், அதாவது அதற்குள் இருக்கும் தனித்தனிக் கணினிகளில், ஓடும். திரை மட்டும் இங்கே. நான் மவுஸை உருட்டினால் அங்கே 64 கோர்கள் ஆளுக்கொரு துண்டை வரைந்து, ஒன்றாகச் சேர்த்து, ஒரு படமாக அனுப்பும். எனக்கு வருவது சில நூறு கே.பி. மாதத்துக்கு ஒருநாள் எங்கள் ஏரியாவில் கரண்ட் நிறுத்துவார்கள், அன்றைக்கு மொபைல் இன்டர்நெட்டிலேயே வேலை ஓடிவிடும். திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை ஸ்கிரிப்டாக எழுதி சூப்பர் கம்ப்யூட்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் க்யூவில் போட்டுவிடுவேன். ராத்திரி போட்டால் காலையில் படங்கள் தயாராக இருக்கும். யாரோ எனக்காக விழித்திருந்து வரைந்து வைத்தது போல இருக்கும், அந்தச் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

இப்படித் துண்டு போட்டு வரையும்போது ஒரு சிக்கல் வந்தது, அதையும் அப்பாதான் தீர்த்தார் என்று சொல்லலாம். பாராவியூவுக்கு வெளியே, திரள்களை எண்ணுவதற்காக நானே பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். 400-க்கு 400-ஐ எட்டுக்கு எட்டாக 64 துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கோர். சேர்த்துப் பார்த்தால் மேகம் முழுக்கக் கோடு கோடாக விரிசல், சதுரம் சதுரமாக. ஒரே திரள் கோட்டில் வெட்டுப்பட்டு இரண்டாக எண்ணப்படுகிறது.

அப்பா பார்த்தவுடன் கேட்டார்: "தையலுக்கு விடாம வெட்டிட்டியா?"

முதுகும் முன்பக்கமும் உடம்பின் அளவுக்கே வெட்டினால், சேர்க்கிற இடத்தில் வாய் பிளக்கும். ஓரத்தில் அரை இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும், அது தையலுக்குள் போய்விடும், வெளியே தெரியாது. இங்கேயும் அதேதான். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிலிருந்து ஒரு வரிசைக் கட்டத்தைக் கடன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் அதற்குக் கோஸ்ட் செல் என்று பெயர். என் நிரலில் அதை விட்டிருந்தேன். ஒரு வரிசை சேர்த்ததும் விரிசல் மூடிக்கொண்டது. வீட்டில் இப்போது அதற்குப் பெயர் அரை இஞ்ச்.

பத்தில் எட்டு ஓட்டத்தில் திரள்கள் அதே மாதிரி கடலில் முளைத்து வரிசையாக வந்தன. முளைக்கும் இடம் ஒன்றுக்கொன்று தள்ளியிருந்தது, மழை அளவும் உண்மையில் பெய்ததை எட்டவில்லை. வரிசை மட்டும் தப்பவில்லை. மிச்சம் இரண்டு ஓட்டத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவை இப்போது இல்லை. சூப்பர் கம்ப்யூட்டரில் ஸ்க்ராட்ச் என்ற வேகமான டிஸ்க்கில்தான் எல்லாம் எழுதுவோம். குறிப்பிட்ட நாள் தொடாமல் கிடக்கும் கோப்பைத் தானாக அழித்துவிடும். அந்த மாதம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அழிக்கப்போகிறோம் என்ற மெயிலை நான் பார்த்தபோது நாள் கடந்திருந்தது. மறுபடி ஓட்ட எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் மிச்சமில்லை. இரண்டு டெராபைட்டில் நானூறு ஜி.பி. போனது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அந்த இரண்டிலும் வரிசை வந்திருந்தால் பத்துக்குப் பத்து என்று எழுதியிருக்கலாம். வந்திருக்காவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடியிருக்கலாம், அது இன்னும் பெரிய லாபம். இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

அதிலிருந்து என் வேலையின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். ஓட்டம் முடிந்த பிறகு தரவைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முன்பு என் வழக்கம். இப்போது ஓட்டத்துக்கு முன்பே குழுவோடு உட்கார்ந்து, எதைப் பார்க்கப்போகிறோம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை, எந்த உயரத்தில் என்று கேட்டு எழுதிவிடுகிறேன். ஓக் ரிட்ஜில் 2022-இல் எக்ஸாஃப்ளாப்பை (ஆயிரம் பெட்டாஃப்ளாப்ஸை) தாண்டிய 'ஃப்ரான்டியர்' மாதிரி இயந்திரங்களில் இது கட்டாயமாகவே ஆகிவிட்டது. கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, தரவு மெமரியில் இருக்கும்போதே, படம் வரைந்து முடித்துவிடுவார்கள். டிஸ்க்குக்குப் படமும் சுருக்கமும் மட்டும் போகும். பாராவியூவின் கேட்டலிஸ்ட் அதற்குத்தான் இருக்கிறது.

எங்கள் அளவுக்கு டபிள்யூ.ஆர்.எஃப்.பிலேயே இரண்டு நல்ல வசதி உண்டு. ஒன்று, வேண்டிய எண்ணை மட்டும் தனிக் கோப்பில், தனி இடைவெளியில் எழுதச் சொல்வது. பிரதிபலிப்பை ஐந்து நிமிடத்துக்கு எழுதியது அப்படித்தான். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. டி.எஸ்.லிஸ்ட் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு. அதில் ஊர் பெயர், ஐந்து எழுத்துக்குள் ஒரு சுருக்கப்பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. ஊருக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஊரின் தலைக்கு மேல் நடப்பதை மாதிரி ஒவ்வொரு அடிக்கும், ஐந்து செகண்டுக்கு ஒரு தடவை, விடாமல் எழுதி வைக்கும். ஒரே இடம் என்பதால் கோப்பு பெரிதாகாது. 34,560 அடியும் கிடைத்துவிடும், ஒன்றுகூட மறையாது.

சித்திரைத் திருவிழாவுக்குச் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். ஆற்றில் அழகர் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம், மாடிக்குக் கூட்டிப்போய் ஐந்து நிமிடப் படத்தை ஓட்டிக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். ஆற்றங்கரையில் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைத்திருந்தேன். அதன் மேல் முதல் திரள் ஏறி இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஏழாவதில் சித்தி பின்னாலிருந்து, "இதுலதான் மாட்டை அவுத்து விட்டோம்" என்றாள். உண்மையில் அந்த நேரம் பெய்ததும் மாதிரியில் பெய்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார். எண்ணிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும், "நிறுத்தாம இன்னொரு மட்டம் போடு" என்றார். போட்டேன். அப்புறம் டி.எஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து காட்டினேன். காயல்பட்டினம், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி, மாஞ்சோலை என்று ஐந்து வரி.

"ஏரல் இல்லியே?"

"அஞ்சு ஊருக்குத்தான் சித்தப்பா சாதாரணமா இடம்."

"ஏரல்ல பாலம் போச்சும்மா. அதைப் போடாம என்னத்தைப் பாக்கப் போற?"

எண்ணிக்கையைக் கூட்ட நேம்லிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஐந்தை எட்டாக்கினேன். சித்தப்பா சொல்லச் சொல்ல ஏரலை ஆறாவது வரியாக அடித்தேன்: 8.63, 78.02. மிச்சம் இரண்டு வரிக்கு ஊர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த காலாண்டுக்கான நேரம் போன வாரம் வந்துவிட்டது. ஓட்டம் இன்று காலையிலிருந்து க்யூவில் நிற்கிறது, எனக்கு முன்னால் பதினோரு பேர்.